எண்பத்தைந்து என்று வைத்துக்கொள்வோம்

அஸ்தம்பட்டி வங்கியில், கண்ணாடிக்கு அந்தப்புறம்,
மீசை சரியாக அரும்பாத பையன் கேட்டான்:
"எத்தனை வயது வரைக்கும் போடலாம், சார்?"
ஏற்காட்டுக்குக் கடைசி பஸ் எப்போது
என்று கேட்கிற அதே குரலில்.
நான் விழிப்பதைப் பார்த்து இரக்கப்பட்டு
"எண்பத்தைந்து என்று வைத்துக்கொள்வோம்" என்றான்.

அப்பா ஐம்பத்தெட்டில் போனார். அண்ணன் அறுபத்துமூன்று.
எங்கள் வம்சத்தில் ஒருவருக்கும் வாய்க்காத வயதை
இரண்டு விசையைத் தட்டிக் கொடுத்துவிட்டான்.
அதற்குச் செலவாகும் என்பதுதான் சிக்கல்.

மாசம் இருபத்திரண்டாயிரம்.
அரிசி, கேஸ், கரண்ட், என் சர்க்கரை மாத்திரை,
ஆடி முடிந்ததும் வரிசை கட்டும் மொய்.
விலைவாசி ஏறும், வட்டி கூடவே ஓடிப் பிடிக்கும்,
அதனால் நேராகவே பெருக்கலாம் என்றான்.
இருபத்தைந்து வருஷம். அறுபத்தாறு லட்சம்.

எல்லாம் கைக்கு வந்து சேர்ந்தால் என்னிடம் முப்பத்தொன்று.
பழைய பென்ஷன் கதவைச் சாத்திய மறுவருஷம்
டெப்போவுக்குள் நுழைந்தவன் நான்.
பையன் திரையைத் திருப்பிக் காட்டினான்:
என் பணத்துக்கு ஆயுசு எழுபத்தொன்றே முக்கால்.
அதற்குப் பிறகு நான் மட்டும் இருப்பேன்.

மறுநாள் முதல் டிரிப்.
இருதயராஜ் விசில் கொடுக்க, அடிவாரம் தாண்டி ஏறினேன்.
இருபது கொண்டை ஊசி வளைவு, இருபதுக்கும் பலகை.
இருபத்திரண்டு வருஷத்தில் அன்றுதான்
ஒவ்வொன்றையும் வாசித்துக்கொண்டு போனேன்.
எத்தனை முடிந்தது, எத்தனை மிச்சம் என்று
மலைக்கு எழுதி வைத்திருக்கிறார்கள்.

இறங்கும்போது ஆரஞ்சு மூட்டை, மிளகு வாசம்,
ஜன்னலில் தலை நீட்டி வாந்தி எடுக்கும் பிள்ளை,
எதையும் பார்க்காத புதுஜோடி.
ஏறிய கியரிலேதான் இறங்க வேண்டும்.
நியூட்ரலில் விட்டால் டீசல் மிச்சம்,
நாலு வளைவு வரைக்கும்.
அப்புறம் பிரேக் கருகும் வாடை வரும்.
கீழே வெயிலில் சேலம் முழுக்கக் கிடந்தது,
கோரிமேட்டில் என் வீடு எது என்று தெரியவில்லை.

ராத்திரி பாவாயி அந்தத் தாளை வாங்கிப் பார்த்தாள்.
மகளிர் குழுவுக்கு ஒன்பது வருஷம் நோட்டு எழுதியவள்.
"இது உங்க ஆயுசுக்குப் போட்ட கணக்கு.
எனக்கு எண்பத்தஞ்சு ஆக
இன்னும் ஆறு வருஷம் வேணுமே?" என்றாள்.

வங்கியில் அதைக் கேட்க எனக்குத் தோன்றவில்லை.
பையனுக்கும் தோன்றவில்லை.

பேனாவை எடுத்தேன்.
ஆறு வருஷம், ஒரு ஆள்.
அரிசி பாதி. கேஸ் பாதி. மாத்திரை இல்லை.
பால் அரை லிட்டரை அடித்துக்
கால் என்று எழுதப் போனபோது
தாளின் மேல் கையை வைத்தாள்.
"ஒத்த ஆளுன்னாலும் உறைக்கு ஊத்தணும்.
பால் கொறயாது."
நான் இல்லாத வீட்டில்
அரை லிட்டர் பால் பொங்குவதைக் கொஞ்ச நேரம் பார்த்தேன்.
பிறகு அரை என்றே எழுதினேன்.

அவள் அதற்குள் அடுத்த வரிக்குப் போய்விட்டாள்.
முன் அறையில் என்ன இருக்கிறது?
மகள் விட்டுப்போன கட்டில், ஓடாத தையல் மிஷின்,
மூன்று பொங்கலாகக் கட்டி வைத்த செய்தித்தாள்.
ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கும் இரண்டு நர்ஸ் பிள்ளைகள்
அறை தேடுகிறார்களாம். நாலாயிரத்து ஐந்நூறு.
குளிக்கும் அறைக்குத் தாழ்ப்பாள் மாற்ற வேண்டும், அது நம் செலவு.

மறுபடி வகுத்தேன்.
எழுபத்தொன்றே முக்கால்
எழுபத்துநாலே முக்கால் ஆயிற்று.
ஒரு தையல் மிஷினை நகர்த்தியதில் மூன்று வருஷம்.

"இன்னும் என்ன நகர்த்தலாம்?" என்றேன்.
மேலும் கீழும் ஒரு தடவை என்னைப் பார்த்தாள்.
"ஸ்கூல் வேனுக்கு ஆள் கேக்கறாங்க" என்றாள்.