முதலுதவிப் பதிவேடு

பேச்சிமுத்து விசிலடித்தால்
நாங்கள் விலகிக்கொள்வோம்.
செடிகள் விலகாது.

பகவதிபுரம் தாண்டி, குகைக்கு முந்திய வளைவு.
ஊதல் பலகையின் கழுத்துவரை ஏறிவிட்டது பச்சை.
வியாழக்கிழமை இன்ஸ்பெக்‌ஷன்.
ஆளுக்கு நூறு மீட்டர்.

போன வாரம்தான் மருந்தடித்தார்கள்.
அன்று மாலையே சாரல் இறங்கி
அத்தனையையும் ஓடையில் விட்டது.
நாயுருவிக்குக் குளித்த மாதிரி.

நான் வெட்டிக்கொண்டிருந்ததற்கு
எங்கள் ஊரில் பேர் கிடையாது.
"கம்யூனிஸ்ட் பச்சை" என்பார்
ஆரியங்காவு ஓமனக்குட்டன்.
மலையேறி வந்ததாம், இறங்கவே இல்லையாம்.

ஜல்லியில் பட்டு அரிவாள் தெறித்தது.
இடது சுண்டுவிரல்.
முதலுதவிப் பெட்டி கேங் ரூமில்,
சாவி மேட்டிடம்,
மேட் செங்கோட்டையில்.

ஓமனக்குட்டன் குனிந்து
நான் வெட்டிப்போட்ட குவியலிலிருந்தே
நாலு இலை உருவிக் கசக்கி
சாறு சொட்ட வைத்து அழுத்தினார்.
எரிச்சல். டர்பன்டைன் மாதிரி ஒரு வாடை.
கொல்லம் வண்டி கடக்கும்வரை
விரலைவிடாமல் பிடித்திருந்தார்.
கடைசிப் பெட்டி போனபோது
ரத்தம் நின்றிருந்தது.

சாயங்காலம் பதிவேடு.
அகற்றிய நீளம்: நூறு மீட்டர்.
காயம்: ஒன்று.
அளித்த மருந்து:
பேனாவைப் பிடித்தபடி அவரைப் பார்த்தேன்.
"டெட்டால்னு எழுது முப்பிடாதி."

எழுதினேன்.

வியாழக்கிழமை நல்ல மழை.
ஜன்னலெல்லாம் அடைத்தபடி
நிற்காமல் போனது அதிகாரிகளின் வண்டி.
வளைவில் மட்டும்
பலகையைப் பார்த்துவிட்டு
நீளமாக ஓர் ஊதல்.