சீட்டுக் கழிவு

திலகேஸ்வரி அக்காவின் மாதச் சீட்டு
பதினேழாவது தவணையில் எங்களுக்கு விழுந்தது.
வாடகைப் பாக்கி, காருக்கு இரண்டு சக்கரம்,
மகனின் பல்லுக் கம்பி எல்லாம் போக
முந்நூறு யூரோ மேசையில் கிடந்தது,
ஆரோ மறந்துவிட்டுப் போனதுபோல.
சீட்டுக் காசுதானே, சீட்டாடுவம் என்றார்.
பகிடிக்குத்தான் சொன்னார்.
நான்தான் ரயில் விலை பார்த்தேன்.

மாசியில் தியெப் ஒருவருக்கும் வேண்டாத ஊர்.
அதனால் அறை முப்பத்தொன்பது.
யன்னலைத் திறந்தால் இன்னொரு யன்னல்;
கடலின் மணத்துக்கு மட்டும் காசில்லை.
போக வர நாற்பது, ஆளுக்கு நூறு ஆட்டத்துக்கு,
மிஞ்சும் இருபத்தொன்றுக்கு ஒரு சட்டி மட்டி.
பகல் சாப்பாடு
வீட்டிலிருந்து கட்டிவந்த புட்டு.

ஒன்றுக்கு இரண்டு மேசை.
அதிலும் சின்னது அங்கே இல்லை.
காலியாய் இருந்தது இரண்டே கதிரை:
அவர் நான்காவதில், நான் எட்டாவதில்,
இடையில் மீன்சந்தைக்காரர் ஒருவர்,
இளைப்பாறிய கணக்கு வாத்தியார்,
தொப்பியைக் கழற்றாத ஒரு பெடியன்.
ஒரே வீடோ என்று கேட்டாள் சீட்டுப் போடுகிறவள்.
ஒரே வீடு, இரண்டு பை என்றேன்.
மேசை சிரித்தது.

அகதி விடுதியில் முந்நூற்றிநாலு விளையாடிய கை அவருடையது.
துரும்பில்லாத ஆட்டம் அவருக்கு உப்பில்லாத கஞ்சி.
ஒன்பதைக் கண்டால் இன்னும் முகம் மலர்கிறது,
இங்கே ஒன்பதுக்கு ஒரு மரியாதையும் இல்லை.
எனக்கு இந்த ஆட்டத்தைச் சொல்லித் தந்தது
சலவைக்கூடத்து இரவு வேலை.
இயந்திரம் சுற்றும் நாற்பது நிமிடத்தில்
தொலைபேசியில் பொய்க் காசுக்கு
பிரேசில்காரர் எத்தனைபேரை வென்றிருக்கிறேன்.

பத்தரை இருக்கும்.
கலாவரை ஏழு, இஸ்கோப்பன் ராணி, ஆடுத்தன் நாலு.
என்னிடம் இன்னொரு ராணி.
பிறகு ஒரு ராசா வந்தான், அவனை எனக்குப் பிடிக்கவில்லை.
கடைசியில் உதவாத ஒரு இரண்டு.
மற்ற எல்லாரும் கவிழ்த்துவிட்டார்கள்.
முழுக்க, என்றார் அவர்.
ஐம்பத்தெட்டு யூரோ.
தள்ளிய வில்லைகளை மறுபடி எட்டித்தொட்டு
அடுக்கை நேராக்கினார்.

நேராக்கினார்.

போன வருசம் நாற்பத்தொரு நாள்
சாப்பாட்டுப் பெட்டியோடு காலையில் போய்
மாலையில் வந்தார்.
இண்டைக்குச் சரியான வேலை என்பார்,
வாசலில் சப்பாத்துகளைக் குனிந்து நேராக்குவார்,
என்னுடையதையும், மகனுடையதையும்.
கிடங்கு பூட்டியதை ஒருவரும் எனக்குச் சொல்லவில்லை.
நானும் கேட்கவில்லை.
கேட்டால் அவர் எங்கே போவார் பகலெல்லாம்
என்று நினைத்தேன்.

அன்று கேட்காததை
ஐம்பத்தெட்டு யூரோ வைத்துக் கேட்டேன்.
பார்க்கிறேன், என்றேன்.

அஞ்சும் ஆறும்.
அவ்வளவுதான். வேறொன்றுமில்லை.
மீன்சந்தைக்காரர் மேசையில் தட்டினார்,
இரவுக்குத் தனிக் கட்டிலோ என்றான் பெடியன்.
சீட்டுப் போடுகிறவள் குவியலிலிருந்து
ஆறு யூரோவை மெல்ல உருவி
மேசை ஓட்டைக்குள் போட்டாள்.
எங்கள் காசு எங்களிடமே வந்தது, கழிவு போக.
திலகேஸ்வரி அக்கா எடுக்கிறதிலும் குறைவு.

வெளியே கடல் கூழாங்கற்களை இழுத்து இழுத்துப் போட்டது.
காற்றுக்கு முதுகைக் கொடுத்து நடந்தோம்.
எப்பிடித் தெரியும், என்றார்.
பெட்டி கழுவி வந்தது, என்றேன்.
மூன்றாம் நாளே.
வேலையில் இருந்தால் நீங்கள் கழுவமாட்டீங்கள்.

வெளிச்சக் கம்பம் ஒன்று போனது,
இன்னொன்று போனது.
நான் சீட்டைக் கேட்டனான், என்றார்.
தெரியும், என்றேன்.

மட்டிக் கடையில் ஒருவரோடொருவர் கதைக்கவில்லை.
நல்ல பசி.
சட்டி காலியானதும் கறுத்த ஓடுகளை
தட்டின் விளிம்பில் வரிசையாய் வைக்கத் தொடங்கினார்,
ஒன்றின் பின் ஒன்றாக.
இப்ப என்ன, என்றேன்.
இது சும்மா, என்றார்.

என் பையில் நூற்று முப்பத்தேழு இருந்தது.
பார்ப்பதென்றால் பார்க்கலாம்.