ஒரு சுழி

நெல்லூர்ப்பேட்டை, லுங்கி குடோன் மாடி.
மூன்று பழைய லேப்டாப், ஒரு போன் ஹாட்ஸ்பாட்.
நிறுவியதை நான்காம் முறை அழிக்கிறாள் ஷமீமா.
பாதை கிடைக்கவில்லை என்கிறது கறுப்புத் திரை.
காட்பாடியில் ரயிலை விட்டவன்போல்
உட்கார்ந்திருக்கிறான் ஏசுபாதம்.

எனக்கும் புரியலை என்றேன்.
அப்புறம்தான் இருவரும்
நாற்காலியைக் கிட்டே இழுத்துப் போட்டார்கள்.

கோப்புறையின் பெயரில் ஓர் இடைவெளி.
அதை எடுத்தோம்.
எழுபத்தெட்டு சதவீதத்தில் கரண்ட் போனது,
வந்தது.
வெயில் சுவரைவிட்டு இறங்கும்போது
எங்கள் மெஷினிலேயே ஓடியது அந்தச் செயலி.

பொத்தானில் யாரோ எழுதியிருந்தார்கள்:
கோப்பைச் செமி.
ஜீரணமாகுமா என்று சிரித்துவிட்டு
ஒரு சுழி சேர்த்தாள் ஷமீமா.
சேமி.
அனுப்பினாள்.

ஏழு மணி நேரம், ஒரு சுழி.
"ஏத்துப்பாங்களா?"
கீழே ஷட்டர் இறங்கும் சத்தம்.
ஏசுபாதம் தன் லேப்டாப்பை
மேசை நடுவுக்கு நகர்த்தினான்.