கேட் கீப்பர்

நீடாமங்கலம் கேட்டில் பத்தொன்பது வருஷம்
சிவப்பைக் காட்டி நிறுத்தியவள் நான்.
மன்னார்குடி பஸ், நெல் மூட்டை லாரி,
பிரசவ வலியோடு ஒரு கார்,
எல்லோரிடமும் ஏச்சு வாங்கியிருக்கிறேன்.

இப்போது என் தலையிலேயே சிவப்பு.
வாடகை ஹெல்மெட், உள்ளே பொடிப் பொடியாய் பல்புகள்.
காலையில் இருபது நிமிஷம், மாலையில் இருபது.
மூளையில் தூங்கிப்போனதை எழுப்புமாம்.
தஞ்சாவூர் டாக்டர்
எழுப்பும் என்றும் சொல்லவில்லை
எழுப்பாது என்றும் சொல்லவில்லை.
"மாத்திரையை மட்டும் நிறுத்திடாதீங்க, ஜெசிந்தா."

ஆறு வாரம்.
டம்ளர் இன்னும் தட்டில் தந்தி அடிக்கிறது.
கையெழுத்து எறும்பாகிவிட்டது,
பாங்கில் கட்டைவிரல் கேட்கிறார்கள்.
போன வாரம் மீன் குழம்பு வாசனை வந்த மாதிரி இருந்தது.
தைரியநாதன் அன்று வைத்தது பருப்பு.

சமையலறை நிலைப்படியில்தான் சிக்கல்.
அங்கே வந்ததும் பாதம் தரையோடு ஒட்டிக்கொள்ளும்.
பின்னால் நின்று அவர் ஹாரன் அடிப்பார்:
"எர்ணாகுளம் போயிடுச்சு, கேட்டைத் திற."

நேற்று ராத்திரி
ஹெல்மெட்டைக் கழற்றிக் கீழே வைத்தவர்
அணைக்க மறந்துவிட்டார்.
அதன் விளிம்பு வழியே கசிந்து
படிக்குக் குறுக்கே ஒரு சிவப்புக் கோடு.
தாண்டு என்று யாரும் சொல்லவில்லை.
வலது கால் தாண்டியது.
கொஞ்சம் யோசித்து, இடதும்.

சிவப்பில் தாண்டாதே என்று
எத்தனை பேரிடம் கத்தியிருப்பேன்.

உள்ளே போய் நின்றபின்
எதற்கு வந்தேன் என்பது மறந்துபோயிற்று.
உப்பு எடுக்க என்று நினைக்கிறேன்.