நாரத்தைச் சந்து

ராஷ்ட் நகரில் மழை
விடிவதற்கு முன்பே வேலைக்கு வந்துவிடும்.
அதன் பின்னால் நான்,
தோல்பையை எண்ணெய்த் துணியில் சுற்றிக்கொண்டு.

இருபத்து மூன்று வருஷம் தபால்காரன்.
எந்த வீட்டு வாத்து கொத்தும்,
எந்தக் கதவைத் தட்டாமல் தள்ள வேண்டும்,
எல்லாம் காலுக்குத் தெரியும்.

இப்போது மேஜையில் ஒரு பட்டியல்.
இடப்பக்கம் பழைய பெயர், வலப்பக்கம் புதியது,
மூன்று தாள், மங்கிய கார்பன் பிரதி.
தபால் பிரிக்கும் புதுப் பையன் மரியாதைக்காரன்.
"மனப்பாடம் செய்துகொள்ளுங்கள், சகோதரரே."
அவன் பிறந்த தந்தியை
அவன் அப்பாவிடம் சேர்த்தவன் நான்.
சொல்லவில்லை.

பொய் எதற்கு, ஏணியைப் பிடித்தவனும் நான்தான்.
அந்தக் குளிர்காலத்தில்
அரசர் பெயர் எழுதிய பலகையை
ரொட்டிக் கடைக்காரர் மகன் கியூமர்ஸ் நெம்பியபோது
கீழே நின்று கத்தினேன்:
"இன்னும் கொஞ்சம், இடது பக்கம்!"
கல்யாண வீட்டில் தாம்பாளம் விழுந்ததுபோல்
தகரம் விழுந்தது.
சிரித்தோம், எல்லோரும்.
மூன்றாம் நாள் கடைவீதியில் கிடந்தான்,
ஒரு காலில் மட்டும் ஷூவோடு.

எங்கள் நாரத்தைச் சந்துக்கு இப்போது அவன் பெயர்.

அவன் அம்மா எஷ்ரத் கானம்
பதிவுத் தபாலுக்குக் கையெழுத்திட மாட்டேன் என்றாள்.
"இது என் விலாசம் இல்லை."
"உங்கள் பெயர்தானே இருக்கிறது?"
"பெயர் சரி. தெருவைப் பார்.
அவன்மேல் எல்லோரும் மிதித்து நடக்கிறார்கள்.
கழுதை வண்டிகூடப் போகிறது.
பழசை எழுதிக் கொண்டுவா."
அங்கேயே அடித்து எழுதினேன். விதிப்படி குற்றம்.
கதவிடுக்கில் பூண்டு ஊறுகாய் வாசனை.
வாங்கிக்கொண்டாள்.
பிரிக்கவில்லை.

தேநீர்க் கடையில் நான் உட்கார்ந்தால்
பேச்சு மீன் விலைக்குத் திரும்பிவிடுகிறது.
சட்டை பழைய அரசாங்கத்தினுடையது,
தாடி புதியதினுடையது.
யாருடைய ஆள் என்று அவர்களுக்குத் தெரியவில்லை.
எனக்கு மட்டும்?

நேற்று ராத்திரி ஆற்றுப் பாலத்தில் தடுப்பு.
பையனைவிடத் துப்பாக்கிக்கு வயது அதிகம்.
டார்ச் வெளிச்சம் முதலில் என் முகத்தில்,
பிறகு காகிதத்தில்.
"ஊருக்குப் புதுசா?"
மழை இரண்டு பேரையும்
ஒரே மாதிரிதான் நனைத்துக்கொண்டிருந்தது.
"எங்கே போகணும்?"
"வீட்டுக்கு. நாரத்தைச் சந்து."
ஈரக் காகிதத்தில் விரலை ஓட்டினான், இரண்டு முறை,
உண்மையான அக்கறையோடு.
"அப்படி ஒரு இடம் இல்லையே ஐயா."

நின்றேன்.
மூக்கு நுனியிலிருந்து நீர் சொட்டியது.
பிறகு அந்தப் பெயரைச் சொன்னேன்,
முழுப் பெயர்,
முன்னால் சேர்க்க வேண்டிய 'தியாகி'யையும் சேர்த்து.

கயிறு தாழ்ந்தது.

பாதிப் பாலம் தாண்டிய பிறகு நினைவு வந்தது:
ஏணியில் அவன் கால்கள் என் கண் உயரத்தில் இருந்தன.
இடது ஷூவில் லேஸ் இல்லை,
பார்சல் கட்டும் சணல்.
காலையில் என் பையிலிருந்து
நான் அறுத்துக் கொடுத்தது.