முழக் கணக்கு

திருநெல்வேலிச் சந்தைக்குப் பின்னால்
பௌதிகவியல் கட்டடத்தின் கீழறையில்
வெற்றுப் பெயின்ற் வாளி ஒன்றைச் சுற்றிக்
கட்டிவைத்திருக்கிறோம் நேரத்தை.
கறுத்தக் கேபிள். எண்பத்தாறு முழம்.

ஒரு முழத்தைச் சமிக்ஞை ஓடி முடிக்க
இரண்டு நனோசெக்கனும் சொச்சமும்.
கமரா பிந்த வேண்டுமென்றால் சுற்று,
முந்த வேண்டுமென்றால் வெட்டு.
இதற்கென்றே ஒரு கருவி இருக்கிறது.
விலை கேட்டு எழுதினோம்; பதிலில்
பூச்சியங்கள் அதிகம்.
அதனால் பூக்காரி மாதிரி
முழங்கையிலிருந்து நடுவிரல் வரை அளக்கிறேன்.
துஷ்யந்தியின் முழம் சின்னன்.
அவள் அளந்த நாட்களில்
கமரா கொஞ்சம் அவசரப்படுகிறது.

மக்னெற்றோன் கழிவில் வந்தது.
பன்னிரண்டு வருடம் புற்றுநோய்ப் பிரிவில்
ஆட்களின் தொண்டைக்கும் மார்புக்கும் மேலே வேலைசெய்தது.
கடைசிக் காலத்தில் அடிக்கடி நின்றது:
அலைக்குழாயின் பீங்கான் யன்னலில்
ஏதோ பற்றிக்கொள்ளும்,
காப்புச் சுற்று எல்லாவற்றையும் அணைத்துவிடும்.
நான் அப்போது அங்கே பராமரிப்பில்.
கதவைத் திறந்து உள்ளே ஓடிய எங்களிடம்
மேசையில் அசையாமல் கிடந்த மனிசி கேட்டா,
“முடிஞ்சுதோ பிள்ளை?”
முடியேல்லை அம்மா. பத்துச் செக்கன் மிச்சம்.
அந்தப் பத்துச் செக்கனுக்கு
நாலு நாள் எடுத்தது.

கமரா சென்னையிலிருந்து இரவல்.
சுங்கத்தில் ஒன்பது நாள், எங்களிடம் ஆறு நாள்,
அதிலும் ஒரு நாளைக் கரண்ட் தின்றது.
மூன்று நனோசெக்கன் கண் திறக்கும், மூடும்.
ஒரு துடிப்புக்கு ஒரே படம்.
அடுத்த படம் அடுத்த மின்னலுடையது.
ஆகவே நாளை நாங்கள் ஓட்டிக் காட்டப்போவது
ஒரு மின்னலின் வாழ்க்கை அல்ல;
முந்நூறு மின்னல்களிடம் ஆளுக்கொரு கணம்
கைமாற்று வாங்கித் தைத்தது.
நூறில் தொண்ணூறு கறுப்பு.

பம்ப் பார்க்கிற அமிர்தரத்தினம் அண்ணை
வெளிச்சம் கண்டால் எண்ணத் தொடங்குவார்,
சத்தம் வந்து சேரும்வரை.
எங்களூரில் அந்தக் கணக்குப் பலருக்குத் தெரியும்.
இங்கே சத்தம் வராது.
ஏழு, எட்டு என்று உதடு அசைவதை
நான் கண்டதாகக் காட்டிக்கொள்வதில்லை.
அவர் முடிக்கும்வரை
அடுத்த துடிப்பைக் கொஞ்சம் பிந்தவிடுவேன்.

வியாழன் இரவு, படம் 212.
கறுப்புக்குள் ஒரு புள்ளி, கடுகில் பாதி.
நாங்கள் சந்தேகப்பட்ட விளிம்பில் இல்லை,
யன்னலின் நடுவுக்குச் சற்றுக் கீழே.
மற்றப் படங்களை வரிசையில் வைத்தால்
புள்ளி நூலாகிறது, நூல் கிளைக்கிறது,
பிறகு கால் அலைநீளம் தள்ளி
தொடாமலே இன்னொரு நூல்.
அலை போகிற பக்கமல்ல, வந்த பக்கம்.
கொடுத்தவன் வீட்டுப் படலைக்கே போய்
இன்னும் கேட்டு நிற்கிற கடன்காரன் மாதிரி
பிளாஸ்மா எதிரே நடக்கிறது.

யன்னலைக் கழற்றினோம்.
நுணுக்குக்காட்டியின் கீழே, அதே இடத்தில்,
வளைந்து வளைந்து மெல்லிய கோடுகள்.
கையுறை போடாத ஒரு பெருவிரல்.
எண்ணெயும் உப்பும், கருகி.
ஆஸ்பத்திரியில் இதை மூன்று பேர்
மாறிமாறிக் கழற்றிப் பூட்டினோம்.
அதில் இரண்டு தடவை நான்.
துஷ்யந்தி என் கையைப் பார்க்கவில்லை.
பார்க்காமல் இருந்ததை நான் பார்த்தேன்.

அறிக்கையில் ‘மேற்பரப்பு மாசு’ என்று எழுதினேன்.
படம் 213ஐயும் சேர்த்தேன்:
கேபிளில் அரை முழம் வெட்டிவிட்டு எடுத்தது.
“வெறும் கறுப்புத்தானே அக்கா?”
ஓம்.
அதில் அந்த மனிசி மேசையில் கிடக்கிறா,
இயந்திரம் ஓடிக்கொண்டிருக்கிறது.