வளைவுகளில் மெதுவாக

தக்வாரெம்போவின் இரவுப் பேருந்து
ஐந்தேகாலுக்கு மொந்தேவிதேயோ வந்து நிற்கும்.
பாலாடைக்கட்டி, தையல் எந்திரத்தின் மோட்டார்,
யாருக்கோ போகும் குதிரைச் சேணம்,
அவற்றோடு எங்கள் குளிர்ப்பெட்டி.
உள்ளே முப்பதோ நாற்பதோ குழாய்கள்.
மூடியின் நிறம் பார்த்துப் பிரிப்பேன்.
முகம் கிடையாது.

குடலில் புற்று வந்து, வெட்டி எடுத்து,
தையல் ஆறியவர்களின் இரத்தம்.
மூன்று மாதத்துக்கு ஒருமுறை வரும்.
கட்டி போன பின்னும் அதன் பேச்சு
எங்காவது மிச்சமிருக்கிறதா என்று
எந்திரத்தில் காது வைத்துக் கேட்பது என் வேலை.
ஒரு புரதம், அவ்வளவுதான்.
ஐந்துக்குக் கீழே இருந்தால் நல்லது என்பார்கள்.
மேலே போனால் கெட்டது என்று சொல்வதில்லை,
கவனிக்கவேண்டும் என்பார்கள்.
புகைப்பவருக்கும் கூடும்.
ஈரல் சோர்ந்தாலும் கூடும்.
சில சமயம் சும்மாவே கூடும்,
பிறகு ஒன்றும் நடக்காததுபோல் இறங்கும்.

எச்செவெரி, வில்மார். வயது ஐம்பத்தெட்டு.
இரண்டு புள்ளி ஒன்று. இரண்டு புள்ளி நான்கு. இரண்டு புள்ளி இரண்டு.
ஒரு வருடமாக அவர் சமவெளி,
எங்கள் நாட்டைப் போல:
இங்கே மலை என்று சொல்வதெல்லாம் மேடுதான்.
ஆகஸ்டில்
ஆறு புள்ளி எட்டு.
குழாயை மறுபடி சுழற்றினேன்.
புதிய திரவம் போட்டேன்.
ஆறு புள்ளி ஏழு.

மறுநாள் பெட்டி வாங்கிவரும் ஹிலாரியோவுக்குக் காய்ச்சல்.
பனிமூட்டத்தில் பேருந்து ஓட்டுநரே
ஆய்வகக் கதவைத் தட்டினார்.
ரசீதில் கையெழுத்துப் போட்டார்.
வி. எச்செவெரி.

நானூறு கிலோமீட்டர்.
ரியோ நெக்ரோ பாலம் தாண்டி,
துராஸ்னோவில் பத்து நிமிடம் நிறுத்தி,
முந்தின நாள் தன் இரத்தத்தைத்
தானே ஓட்டிவந்து இறக்கியிருக்கிறார்,
இருக்கை எண் இல்லாத பயணியாக.

"குலுங்கினால் கெட்டுவிடுமாமே" என்றார்.
"வளைவுகளில் மெதுவாகத்தான் வருவேன்.
பின்னால் ஆடுமாடு ஏற்றிய லாரிக்காரன் திட்டுவான்,
திட்டட்டும்."

பிளாஸ்கை நீட்டி வெந்நீர் கேட்டார்.
கொதிக்கவிடாமல் கெண்டியை இறக்கி ஊற்றினேன்.
முதல் மாத்தேயைத் தான் குடித்து,
அடுத்ததை நிரப்பி, என்னிடம் தந்தார்.
அதே உறிஞ்சி.
எண் என் நாக்கின் நுனியில் இருந்தது.
அதைச் சொல்ல மருத்துவர் இருக்கிறார், கடிதம் இருக்கிறது,
ஸ்கேனுக்கு ஒரு தேதி இருக்கிறது.
எனக்கு வாய் இல்லை,
கசப்பைக் குடிக்க மட்டும் இருந்தது.
நன்றி என்றேன்.
எங்கள் ஊரில் நன்றி என்றால்
போதும், இனி ஊற்றாதே என்று பொருள்.
அவருக்கு அது புரிந்தது.
வேறு எது புரிந்தது, தெரியாது.
காலிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனார்.

நவம்பரில் வேறு ஓட்டுநர்.
இளைஞன். வளைவு பார்க்காதவன்.
இரண்டு குழாய்களில் அணுக்கள் உடைந்து
தெளிவாக நிற்கவேண்டிய நீர் சிவந்து கிடந்தது.
திருப்பி அனுப்பச் சீட்டு எழுதினேன்.
மூன்றாவது குழாய் அவருடையது. தப்பியிருந்தது.

மூன்று புள்ளி ஒன்பது.

ஈரலில் எதையாவது வெட்டினார்களா,
சிகரெட்டை விட்டாரா,
படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை.
இறங்கி வருகிறதா,
இறங்கிவிட்டு மறுபடி ஏறுகிறதா?
ஓர் எண்ணுக்குத் திசை கிடையாது.
அடுத்த எண் வரவேண்டும்.
பிப்ரவரி.

ஐந்து மணிக்கே கெண்டியை வைக்கிறேன்.
ஹிலாரியோவை
பெட்டிக்கு அனுப்புவதில்லை, நானே போகிறேன்.